பாகப்பிரிவினைக்கு வராத பொருள்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தை அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொள்வது பெரிய காரியமல்ல. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டால் நிலம் பிரிந்துவிடும். சில்வர் ஓக் மரங்களை எண்ணிப் பிரிக்கலாம்; அவற்றின்மேல் படர்ந்திருக்கும் மிளகுக் கொடி மரத்தோடு போய்விடும். பங்களாவிலுள்ள வெள்ளிப் பாத்திரங்களைத் தராசில் நிறுத்துப் பங்கிடலாம். தேக்குக் கட்டிலுக்குச் சீட்டுக் குலுக்கலாம். அப்படியும் சண்டை தீரவில்லையென்றால் சேலத்தில் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை.

காலஞ்சென்ற தகப்பனாரின் பீரோவைத் திறக்கிற வரையில் எல்லாம் சுமுகமாகவே நடக்கும். அடித் தட்டில், எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் லைசென்ஸ் வாங்கி, வரி கட்டுவதுபோல் தவறாமல் புதுப்பித்து, கண்ணியமாக வைத்திருந்த சாமான். மூத்த பிள்ளைக்குப் பெங்களூரில் உத்தியோகம். "எனக்கு வேறொன்றும் வேண்டாம், அப்பாவின் ஞாபகமாக இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். தியாகந்தான். ஆனால் அவர் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினால், மலைப் பாதையின் இருபது கொண்டையூசி வளைவுகளையும் இறங்கி முடிப்பதற்குள் குற்றவாளி ஆகிவிடுகிறார். ஓசூரைத் தாண்டும்போது அவர் இரண்டு மாநிலங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். திருடவில்லை, யாரையும் மிரட்டவில்லை, தகப்பனார் சொத்தைத் தான் எடுத்துப் போனார். ஆயினும் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தண்டனை இரண்டு வருஷத்தில் தொடங்கி ஐந்து வருஷம் வரையில் போகும்.

இதென்ன அநியாயம் என்று தோன்றும். தகப்பன் வைத்திருந்ததை மகன் வைத்துக்கொள்ளக் கூடாதா? அந்தக் கேள்விக்கு விடை சட்டப் புத்தகத்தில் பாதியும் சரித்திரத்தில் பாதியுமாகக் கிடக்கிறது. சரித்திரப் பாதியை முதலில் பார்ப்போம்.

நம் நாட்டில் ஜனங்களிடமிருந்து ஆயுதத்தைப் பிடுங்கியது 1857 கலகத்துக்குப் பிறகுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்கு அந்தப் பெருமை அரை நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது. கட்டபொம்மனும் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் மாண்ட பிறகு, 1801 டிசம்பரில், சென்னைக் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களும் அவர்களுடைய ஜனங்களும் இனி ஆயுதம் தரிக்கக் கூடாது. கொடுத்துவிட்டவர்களுக்கு மன்னிப்பு உண்டு. வீட்டுக்கு வீடு வல்லயமும் துப்பாக்கியும் இருந்த தெற்குச் சீமையில், தகப்பன் ஆயுதம் மகனுக்கு என்ற வழக்கம் அன்றைக்கே அறுந்தது.

சேர்வராயன் மலைக்கு இந்தக் கதை வேறு விதமாக வந்து சேர்ந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பி பயிரிட்டுப் பார்த்தார். காப்பி பிடித்துக்கொண்டது, அதன் பின்னால் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களும் வந்து பிடித்துக்கொண்டார்கள். அவர் தோட்டமான கிரேஞ்சில், 1857-ல் பீரங்கி ஏற்றி, ஆறு மாதத்துக்குத் தானியம் சேர்த்து, சிப்பாய்கள் வந்தால் உள்ளே புகுந்துகொள்ள ஏற்பாடு செய்திருந்தார்கள் என்று ஏற்காட்டில் சொல்வதுண்டு. சிப்பாய்கள் வரவில்லை. ஆனால் பயம் மட்டும் மலையேறி வந்துவிட்டது. பயந்தவர்கள் பிறகு சட்டம் செய்தார்கள்.

1860-ல் ஒன்று, அதைவிடக் கெட்டியாக 1878-ல் இன்னொன்று. இரண்டாவதைச் செய்தவர் லிட்டன் பிரபு. சுதேச பாஷைப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போட்டதும் அதே வருஷம், அதே பிரபு. வாய்க்கு ஒரு பூட்டு, கைக்கு ஒரு பூட்டு. இந்தச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஒருவரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 'ஒருவரும்' என்பதற்குச் சில விலக்குகள் உண்டு. ஐரோப்பியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், சர்க்கார் தயவு பெற்ற சில பெரிய மனிதர்கள் ஆகியோருக்கு லைசென்ஸே தேவையில்லை.

இதன் விளைவை ஏற்காட்டில் நின்று பார்த்தால் விளங்கும். பங்களாவில் துரை இறந்துபோனால், அவருடைய துப்பாக்கி அவருடைய கைத்தடியைப் போலவே பிள்ளையிடம் போய்ச் சேரும். பிள்ளை அதை எடுத்துக்கொண்டு நீலகிரிக்குப் போகலாம், மைசூர் சமஸ்தானத்துக்குப் போகலாம்; தடை கிடையாது. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்டு சன்ஸ் கம்பெனியார் கடிகாரங்களோடு துப்பாக்கிகளும் விற்றார்கள்; வெள்ளைக்காரர் கடிகாரம் வாங்குவதுபோலத்தான் துப்பாக்கியும் வாங்கினார். அதே மலையில், அவருக்கு முன்பு பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் மலையாளிகள் என்ற பழங்குடியினர், காட்டுப்பன்றியை விரட்ட ஒரு கரிமருந்துத் துப்பாக்கி வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், கீழே இறங்கிப் போய் மனுக் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும்.

இந்த மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. தமிழ் பேசுகிறவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் என்பது அவர்களுடைய ஐதீகம். மூத்தவர் வழியினர் சேர்வராயனில் தங்க, மற்றவர்கள் வழியினர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினார்களாம். மலைகளையே பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளின் சந்ததிக்கு, ஒரு துப்பாக்கியைத் தகப்பனிடமிருந்து வாங்கிக்கொள்ளக் காகிதம் வேண்டும் என்று சர்க்கார் சொன்னது. பலர் அந்தக் காகிதத்தைத் தேடிப் போகவில்லை.

மனம் புழுங்கியவர்கள் மலையில் மட்டும் இல்லை. 1887-ல் காங்கிரஸின் மூன்றாவது மகாசபை சென்னையில் கூடியது. பத்ருதீன் தயாப்ஜி தலைமை வகித்தார். அங்கே ஆயுதச் சட்டத்தைத் தளர்த்த வேண்டுமென்று தீர்மானம் போட்டார்கள். சேலத்திலிருந்து போயிருந்தவர்களில் விஜயராகவாச்சாரியார் ஒருவர். 1882-ல் சேலத்தில் நடந்த கலவர வழக்கில் தீவாந்தர சிட்சை விதிக்கப்பட்டு, ஹைகோர்ட்டில் போராடி விடுதலையானவர். வந்திருந்த பிரதிநிதிகளில் பெரும்பாலோர் ஒரு முயலைக்கூடச் சுட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் கேட்டது துப்பாக்கியை அல்ல, மரியாதையை. 'உன்னை நம்ப மாட்டேன்' என்று ஒரு தேசம் முழுவதையும் பார்த்துச் சொன்ன சட்டம் அவர்களைச் சுட்டது. அகிம்சையே உருவான காந்திஜிகூட, 1918-ல் சைனியத்துக்கு ஆள் சேர்க்க வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில், ஆங்கில ஆட்சியின் தவறுகளிலெல்லாம் மிகக் கறுத்தது என்று இந்தச் சட்டத்தைத்தான் குறிப்பிட்டார். 1920-ஆம் ஆண்டு விதிகளில் நிற வேற்றுமை எடுபட்டது. அதற்குப் பிறகு ஏற்காட்டுத் துரையும் கலெக்டர் ஆபீசுக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் இன்னும் ஒரு படி போய், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது பிரஜைகளின் உரிமை என்றே சொல்லிவிட்டது.

அப்படியானால் சுதந்திரம் வந்ததும் அந்த உரிமையைக் கொடுத்திருக்க வேண்டுமல்லவா? கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் மையம்.

நாட்டுத் துப்பாக்கியும் வேட்டைத் துப்பாக்கியும் ஆள் உயரம் இருக்கும். தோளில் போட்டுக்கொண்டு போனால் ஊரே பார்க்கும். கைத்துப்பாக்கி அப்படியல்ல. மடியில் செருகினால் தெரியாது. கோட்டுப் பையில் போட்டால் தெரியாது. எந்தச் சர்க்காரும் அதைக் கண்டு அஞ்சுவது இதற்காகத்தான். 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பிரௌனிங் கைத்துப்பாக்கி. அவர் சுடப் பழகியது ஆங்கில ஆட்சியின் எல்லைக்கு வெளியே, பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில் இருந்த வ.வே.சு. ஐயரிடம். எல்லை தாண்டி வரும் ஒரு சிறு துப்பாக்கிக்கு ஒரு சாம்ராஜ்யத்தையே திடுக்கிட வைக்கும் சக்தி உண்டு என்று ஆங்கிலேயர்கள் அன்று தெரிந்துகொண்டார்கள்.

நாம் தெரிந்துகொண்டது 1948 ஜனவரி 30-ல். அன்று மாலை டில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் வெடித்தது இத்தாலியில் செய்த பெரெட்டா கைத்துப்பாக்கி. கடல் கடந்து வந்து, கை மாறிக் கை மாறி, கடைசியில் குவாலியரில் கோட்ஸேயின் கைக்கு வந்தது. அது கடந்து வந்த வழியில், 'இதை யாருக்குக் கொடுக்கிறாய், எதற்குக் கொடுக்கிறாய்' என்று யாராவது ஒருவர் கேட்டுக் காகிதத்தில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதே வருஷம் டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், கராச்சித் தீர்மானத்தை நினைவூட்டி, ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமையாக்க வேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் ஏற்கவில்லை. திருத்தம் தோற்றது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையே நம் அரசியல் சட்டத்தில் இடம் பெற்றது.

ஆகவே 1959-ல் நாமே செய்துகொண்டு, 1962 அக்டோபர் முதல் தேதி அமலுக்குக் கொண்டுவந்த ஆயுதச் சட்டம், வெள்ளைக்காரன் சட்டத்தின் பாரபட்சத்தை எடுத்துவிட்டு, அதன் எலும்பை வைத்துக்கொண்டது. அந்த எலும்பு இதுதான்: துப்பாக்கி வேறு, அதைத் தொடுகிற அனுமதி வேறு. துப்பாக்கி சொத்து, அது வாரிசுக்கு வரும். அனுமதி சொத்து அல்ல. அது வாங்கியவரோடு பிறந்து அவரோடு மடியும். தகப்பனார் கண்ணை மூடிய நிமிஷத்தில் பீரோவில் இருப்பது பிள்ளைகளுடைய இரும்புதான். ஆனால் அதைக் கையில் எடுக்க அந்தக் கூரையின்கீழ் ஒருவருக்கும் அதிகாரமில்லை.

பெங்களூர்ப் பிள்ளை என்னதான் செய்ய வேண்டும்? வழி இருக்கிறது, சுற்று வழி.

முதலில், வீண் தாமதமின்றி, துப்பாக்கியை அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஒப்படைத்ததால் உரிமை போய்விடாது. குறித்த காலத்துக்குள் லைசென்ஸ் பெற்று மீட்கலாம், அல்லது விற்றுப் பணமாக்கலாம். காலம் தவறினால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும். அடுத்து, தாம் குடியிருக்கிற ஊரின் லைசென்ஸ் அதிகாரியிடம் தம் பெயருக்கு வாரிசு லைசென்ஸ் கேட்க வேண்டும். வயது இருபத்தொன்று நிரம்பியிருக்க வேண்டும். மற்ற வாரிசுகள் 'எங்களுக்கு ஆட்சேபம் இல்லை' என்று எழுதிக் கொடுப்பார்கள். போலீசார் விசாரிப்பார்கள். ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்று கேட்பார்கள். ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மூன்றாவது கிடையாது. முன்பு மூன்று வரை இருந்ததை 2019-ல் இரண்டாகக் குறைத்தார்கள். பரம்பரைச் சொத்து என்று சொல்லி அந்த வரம்பைத் தாண்ட முடியாது.

குழல் விட்டத்தையும் பார்ப்பார்கள். பாயிண்ட் 32 ரிவால்வர் என்றால் ஜில்லாவிலேயே காரியம் நடக்கும். முதல் உலக யுத்தத்தில் ஆங்கில அதிகாரிகள் இடுப்பில் தொங்கிய பாயிண்ட் 455 வெப்லியாக இருந்தால், அது ராணுவக் குண்டு ஏற்கும் தடை செய்யப்பட்ட ரகம். அதற்கு டில்லி உள்துறை அமைச்சகம் வரையில் காகிதம் போய் வர வேண்டும். எல்லாம் முடிந்து லைசென்ஸ் கையில் வந்த பிறகும், அது எந்த ஜில்லாவுக்கு, எந்த மாநிலத்துக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். அந்த எல்லைக்குள்தான் துப்பாக்கி நடமாடலாம். பிற்பாடு உத்தியோகம் மாறி வேறு ஊருக்குத் துப்பாக்கியுடன் குடிபோனால், முப்பது நாளைக்குள் புது ஊர் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பெண்ணைக் கட்டிக் கொடுத்தால்கூட இவ்வளவு கடிதப் போக்குவரத்து இராது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். துப்பாக்கி வைத்திருப்பதை அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கும் அமெரிக்காவிலும் இந்த இடத்தில் ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். தபாலில் வரவழைத்த துப்பாக்கியால் 1963-ல் கென்னடி சுடப்பட்டார். அதைத் தொடர்ந்து எழுந்த கிளர்ச்சியின் முடிவில், 1968-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி டெக்ஸாஸில் இருக்கும் தகப்பன் நியூயார்க்கில் இருக்கும் மகனுக்குத் தன் கைத்துப்பாக்கியை நேரே பரிசளிக்க முடியாது. மகனுடைய மாநிலத்தில் லைசென்ஸ் பெற்ற வியாபாரி மூலமாகத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் உயில் எழுதிவைத்துவிட்டு இறந்தால், வியாபாரி இல்லாமலே அது எல்லை தாண்டி மகனிடம் போகலாம். அங்கே சட்டம் செத்தவர்களிடம் சற்றுத் தாராளமாக இருக்கிறது.

நம் சட்டம் உயிருள்ளவர்களிடமும் கொஞ்சம் தாட்சண்யம் காட்டுகிறது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, லைசென்ஸ்தாரர் எழுபது வயதை எட்டினாலும் சரி, துப்பாக்கியை இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலும் சரி, தம் வாரிசு ஒருவரைக் குறிப்பிட்டு, தாம் இருக்கும்போதே அவர் பெயருக்கு லைசென்ஸ் கிடைக்கச் செய்யலாம். வீட்டையும் நிலத்தையும் எழுதிவைக்கிற பெரியவர்களில் எத்தனை பேர் இதை நினைக்கிறார்கள்? தாம் இல்லாத நாளைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தின் பலன், காரியம் முடிந்த வீட்டில், கண்ணீர் காயாத பிள்ளைகள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது.

ஒரு விஷயம் மட்டும் மனத்தை உறுத்துகிறது. நம் பக்கத்து ஜில்லா போன்ற குடகுநாட்டில், குடகர்களுக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி வைத்திருக்க விலக்கு உண்டு. 1861-ல் ஆங்கிலேயர் தந்த சலுகை அது. இந்திய சர்க்கார் அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. 2021-ல் கர்நாடக ஹைகோர்ட்டும் செல்லும் என்றது. அங்கே பிள்ளை பிறந்தால் வேட்டுப் போடுவார்கள். பெரியவர் இறந்தாலும் போடுவார்கள். ஆயுதத்துக்கென்றே கைல்பொள்து என்று ஒரு பண்டிகை. குடகிலும் காப்பி, சேர்வராயனிலும் காப்பி. அங்கே துப்பாக்கி குலதெய்வத்தின் பக்கத்தில் நிற்கிறது. இங்கே சேலம் ஜில்லா மலைக் கிராமங்களில், கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தாமே கொண்டுவந்து போட்டுவிட்டால் வழக்கில்லை என்று போலீசார் அவ்வப்போது அறிவிப்பார்கள். மறுநாள் காலையில் ஊர்ப் பொது இடத்தில் துருப்பிடித்த நாட்டுத் துப்பாக்கிகள் பேரில்லாமல் கிடக்கும். அவற்றில் எத்தனையோ, பாட்டன் கையிலிருந்து தகப்பன் கைக்கும், தகப்பன் கையிலிருந்து பிள்ளை கைக்கும் வந்தவையாக இருக்கும். பயிர்ப் பாதுகாப்புக்காக லைசென்ஸ் தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் படிகள் ஏறிக் காகிதம் வாங்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது.

பங்களாப் பிள்ளைக்குத் தகப்பனாரின் ரிவால்வர் மீது இருக்கும் பாசம், குடிசைப் பிள்ளைக்குத் தகப்பனாரின் நாட்டுத் துப்பாக்கி மீதும் இருக்கும். சட்டம் இருவரையும் ஒரே கேள்விதான் கேட்கிறது: 'அவரை எனக்குத் தெரியும், நீ யார்?' கேள்வியில் தவறில்லை. நல்ல தகப்பனுக்கு முரட்டுப் பிள்ளை பிறப்பது உலகத்தில் இல்லாததல்ல. தகப்பனின் நிதானம் உயில் எழுதி வருவதல்ல. நிதானம் இல்லாதவன் கையில் துப்பாக்கி வந்தால் நஷ்டம் அவனோடு நிற்பதுமில்லை. ஒவ்வொரு தலைமுறையையும் புதிதாக நிறுத்திக் கேட்பதே நியாயம். 1878-ல் அந்தக் கேள்வியைக் கறுத்த முகங்களிடம் மட்டும் கேட்டார்கள். அதுதான் அவமானமாக இருந்தது. இப்போது எல்லோரிடமும் கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய மொழியும், போக வேண்டிய ஆபீசும், மலைமேல் இருப்பவனுக்கும் எட்டுகிற மாதிரி செய்துவிட்டால் பாக்கிக் குறையும் தீர்ந்துவிடும்.